தாத்தா நட்ட மரம், பேரன் ஊற்றும் தண்ணீர்

பசுமை அரசியலின் கதை - 17

2004ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம், கிரீன்வில் நகரம். பாப் இங்லிஸ் என்கிற வழக்கறிஞர் மறுபடியும் தேர்தலில் நிற்கத் தயாராகிக்கொண்டிருந்தார். குடியரசுக் கட்சியின் சார்பில் 1993 முதல் 6 ஆண்டுகள் பிரதிநிதிகள் சபையில் இருந்தவர். அந்த வட்டாரத்தில் கட்சி டிக்கெட் கிடைத்துவிட்டாலே வெற்றி கையில் வந்த மாதிரிதான்.

அவருக்கு ஐந்து பிள்ளைகள். மூத்த மகனுக்கு அந்த ஆண்டுதான் 18 வயது நிறைந்திருந்தது. அவன் அப்பாவிடம் வந்து, உங்களுக்குத்தான் என் ஓட்டு, ஆனால் சுற்றுச்சூழல் விஷயத்தில் நீங்கள் திருந்தியே ஆக வேண்டும் என்று சொன்னான். அம்மாவும் நான்கு தங்கைகளும் அவன் பக்கம் நின்றார்கள்.

இங்லிஸ் இதைப் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். முதல் 6 ஆண்டுகளில் புவி வெப்பமாதல் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஜனநாயகக் கட்சியின் அல் கோர் அதை நம்புகிறார், ஆகவே நாம் நம்பக் கூடாது. படித்துப் பார்த்து வந்த முடிவு இல்லை, எதிர்க்கட்சிக்காரர் சொன்னார் என்பதற்காக எடுத்த முடிவு என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஆயிரம் கட்டுரைகள் செய்யாததை ஒரு பையனின் முதல் ஓட்டு செய்தது. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அப்படிப்பட்ட பிள்ளைகளின் கதையை. தாத்தா காலத்தில் செழித்து, அப்பா காலத்தில் வாடிய ஒரு மரத்துக்கு, குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்த பேரப்பிள்ளைகளின் கதை.

*

தாத்தாக்களைப் பற்றிச் சென்ற வாரமே பார்த்தோம். 1969இல் சாண்டா பார்பரா கடற்கரை எண்ணெயில் கறுத்தது; அதே ஆண்டு ஓஹையோவில் குயஹோகா ஆறு தீப்பற்றி எரிந்தது. 1970 ஏப்ரல் 22இல் முதல் புவி நாள். அதற்கு முன்கை எடுத்தவர் ஜனநாயகக் கட்சி செனட்டர் கேலார்ட் நெல்சன். அவரோடு இணைத் தலைவராக நின்றவர் குடியரசுக் கட்சியின் பீட் மெக்லாஸ்கி. அந்த ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் நிக்சன் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைத் தொடங்கினார். தூய காற்றுச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். 1973இல் அழிந்துவரும் உயிரினங்களுக்கான சட்டம் வந்தது. இதற்கெல்லாம் முன்னால், காடுகளையும் மலைகளையும் தேசத்தின் சொத்து என்று அறிவித்துக் காத்த தியடோர் ரூஸ்வெல்ட்டும் நிக்சனைப்போலவே குடியரசுக் கட்சிக்காரர்.

இங்கே ஒரு சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘கன்சர்வேடிவ்’ என்பதை நாம் ‘பழமைவாதி’ என்று தமிழாக்கிவிட்டோம். பழமையைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் என்கிற தொனி அதில் ஏறிவிட்டது. ஆனால் அந்தச் சொல்லின் வேர் ‘காத்தல்’. முன்னோர் விட்டுச்சென்றதைச் சேதமில்லாமல் அடுத்த தலைமுறையின் கையில் கொடுப்பவர் என்பதே அதன் பொருள். காடு காத்தலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். நம் கதையின் பேரப்பிள்ளைகள் தங்கள் குடியரசுக் கட்சியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியும் இதுவே: காப்பவர் என்று பெயர் வைத்துக்கொண்டு, காற்றையும் நீரையும் காக்காமல் வேறு எதைக் காக்கிறோம்?

*

மரம் ஒரே நாளில் வாடிவிடவில்லை. அதே கட்சியின் ரீகன் 1981இல் குடியரசுத் தலைவராக வந்ததும் உள்துறை அமைச்சராக நியமித்த ஜேம்ஸ் வாட், பொது நிலங்களைச் சுரங்கத்துக்கும் எண்ணெய்க்கும் திறந்துவிடுவதில் தீவிரமாக இருந்தார். அதே ரீகனின் ஆட்சிதான் 1987இல் ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. மறு ஆண்டு செனட் அதை 83-0 என்று ஒரு எதிர் ஓட்டுக்கூட இல்லாமல் ஏற்றது.

அடுத்து அமில மழை. நிலக்கரி மின்நிலையங்களின் புகைபோக்கியிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு மேகத்தில் கலந்து, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி மழையாக இறங்கும். நியூயார்க் மாநிலத்து அடிரோன்டாக் மலைகளில் பல ஏரிகளின் நீர் கண்ணாடிபோலத் தெளிந்துவிட்டது. பார்ப்பவர்களுக்கு அழகு. ஆனால் பாசி, புழு, மீன் எல்லாம் போய்விட்டதால் வந்த தெளிவு அது.

ரீகனுக்கு அடுத்து குடியரசுத் தலைவரான மூத்த புஷ் 1990இல் கொண்டுவந்த சட்டம் இதற்கு ஒரு புது வழி கண்டது. நாடு முழுவதும் மின்நிலையங்கள் எவ்வளவு கந்தகம் விடலாம் என்று அரசு ஓர் உச்சவரம்பு வைக்கும். அந்த அளவை டன் டன்னாகப் பிரித்து அனுமதிச் சீட்டுகளாகக் கொடுக்கும். புகையைக் குறைத்தவர் மிச்சச் சீட்டை விற்கலாம். குறைக்க முடியாதவர் காசு கொடுத்து வாங்க வேண்டும். குறைப்பவனுக்கு லாபம், குறைக்காதவனுக்குச் செலவு. எந்தக் கருவியை மாட்டுவது என்று அதிகாரி வந்து சொல்லத் தேவையில்லை. 1995இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2010க்குள் மின்நிலையங்கள் விடும் கந்தக டை ஆக்சைடு 1990இல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. சந்தையை நம்புகிற ஒரு கட்சி, தன் கொள்கையை விட்டுக்கொடுக்காமலே இயற்கையைக் காத்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

பிறகு எங்கே தடம் மாறியது? கந்தகத்தைப் புகைபோக்கியில் வடிகட்டிவிடலாம். கரியமில வாயு அப்படியில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரிகிற ஒவ்வொரு இடத்திலும் அது பிறக்கிறது. அதில் கை வைத்தால் அந்தத் தொழில்களின் அடிமடியிலேயே கை வைத்த மாதிரி. அவற்றின் பணமும் செல்வாக்கும் கட்சிக்குள் இறங்கின. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிராங்க் லன்ட்ஸ் என்கிற கருத்துக்கணிப்பாளர் கட்சிக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். அறிவியலாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். அதே லன்ட்ஸ் 2019 ஜூலையில் செனட்டர்கள் முன் வந்து அமர்ந்து, அன்று தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார். இடையில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஒரு குழந்தை பிறந்து ஓட்டுப் போடும் வயதுக்கு வரும் காலம்.

*

இங்லிஸிடம் திரும்புவோம். 2004 தேர்தலில் வென்று அவர் சபைக்குத் திரும்பினார். அறிவியல் குழுவில் இடம் கிடைத்தது. அந்தக் குழுவோடு அண்டார்டிகாவுக்குப் போனார். அங்கே பனியைக் குழாய்போல் துளைத்தெடுத்த நீண்ட உருளைகளைப் பார்த்தார். அவற்றில் சிறைப்பட்டிருக்கும் காற்றுக் குமிழ்கள் பழங்காலத்துக் காற்றின் மாதிரிகள். தொழிற்புரட்சிக்குப் பிறகு கரியமில வாயு ஏறிய கணக்கை அந்தப் பனி வைத்திருந்தது. பனிக்கு எந்தக் கட்சியும் இல்லை.

இன்னொரு பயணம் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுக்கு. ஸ்காட் ஹெரான் என்கிற கடலியலாளர் நீருக்கடியில் பவளத்தைச் சுட்டிக் காட்டியபோது, அவர் முகத்தில் தெரிந்த பரவசம் இங்லிஸை உலுக்கியது. இவரும் என்னைப்போல் படைத்தவனை வணங்குகிறவர்தான் என்று ஒரு சொல் பேசாமலே புரிந்தது என்கிறார். பிறகு பேசிப் பார்த்தால் அது உண்மை. ஹெரான் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர். துணியை இயந்திரத்தில் உலர்த்தாமல் கொடியில் காயப்போடுகிறவர். பின்னால் வரப்போகும் பிள்ளைகளிடம் காட்டும் அன்பாகவே இதையெல்லாம் செய்கிறார். கொடியில் காயும் துணி நமக்கு அன்றாடக் காட்சி. பக்தியுள்ள ஓர் அமெரிக்க அரசியல்வாதிக்கு அன்று அது ஒரு பிரசங்கமாகவே இருந்தது.

2009இல் இங்லிஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். கார்பன் மீது வரி போடுவோம். அதே அளவுக்கு உழைப்பவர்களின் சம்பளத்திலிருந்து பிடிக்கும் வரியைக் குறைப்போம். அரசின் பெட்டிக்குக் கூடுதலாக ஒரு காசு வராது. கெட்டதற்கு வரி ஏறும், நல்லதற்கு வரி இறங்கும். பழமைவாதப் பொருளியலின் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

ஆனால் காலம் மாறிவிட்டிருந்தது. அதே ஆண்டு ஜனநாயகக் கட்சியினர் கரியமில வாயுவுக்கு உச்சவரம்பும் அனுமதிச் சீட்டும் வைக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றினார்கள். மூத்த புஷ்ஷின் அமில மழைத் திட்டத்திலிருந்து வந்த யோசனை அது. சொந்த வீட்டில் பிறந்த பிள்ளையைக் குடியரசுக் கட்சியே அடையாளம் தெரியாதவன் மாதிரி விரட்டியது. அந்த மசோதா செனட்டைத் தாண்டவில்லை. அதற்கு எதிராக ஓட்டளித்த இங்லிஸுக்கும் மன்னிப்புக் கிடைக்கவில்லை. 2010 ஜூன் 22இல் நடந்த உட்கட்சித் தேர்தலின் இறுதிச் சுற்றில் ஏறத்தாழ 10 பேரில் 7 பேர் எதிரணி வேட்பாளர் ட்ரே கௌடிக்கு ஓட்டுப் போட்டார்கள். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. வங்கிகளை மீட்க அரசுப் பணம் கொடுத்ததை ஆதரித்திருந்தார். வேறு சில ஓட்டுகளிலும் தொகுதியின் கோபத்தைச் சம்பாதித்திருந்தார். இருந்தாலும் பருவநிலை பற்றிப் பேசியதையே தன் பெரிய குற்றமாகத் தொகுதி பார்த்தது என்பது அவருடைய கணிப்பு.

பதவி போன பிறகும் அவர் வாயை மூடவில்லை. 2012இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ஓர் அமைப்பைத் தொடங்கி, தன் கட்சிக்காரர்களிடமே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 2015இல் கென்னடி பெயரிலான அரசியல் துணிச்சலுக்கான விருது அவரைத் தேடி வந்தது.

*

இங்லிஸுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகும் துணிந்தவர்கள் உண்டு. தெற்கு ஃப்ளோரிடாவின் கார்லோஸ் கர்பெலோ அவர்களில் ஒருவர். சபைக்கு வரும்போது நாற்பதைத் தொடாதவர். மயாமியில் வெயில் சுள்ளென்று அடிக்கிற நாளிலும் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பதுண்டு. மழைத் தண்ணீர் அல்ல, கடல்நீர். நகரத்துக்கு அடியில் இருப்பது துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. கடல் மட்டம் உயர உயர, பெரிய ஓதம் வரும் நாள்களில் சாக்கடை மூடி வழியாகவே நீர் மேலே வரும். கரையில் சுவர் எழுப்பினாலும் கீழிருந்து வருவதை என்ன செய்வது?

2016இல் கர்பெலோவும் ஜனநாயகக் கட்சியின் டெட் டாய்ச்சும் சேர்ந்து சபையில் பருவநிலைக் குழு ஒன்றை அமைத்தார்கள். நோவாவின் பேழையில் உயிர்கள் ஏறியதுபோல், கட்சிக்கு ஒருவராக ஜோடி ஜோடியாகத்தான் அதில் சேர முடியும். 2018 ஜூலையில் கார்பன் வரிக்கான மசோதாவை கர்பெலோ முன்வைத்தார். நவம்பரில் தோற்றார். இந்த முறை அவரை வீழ்த்தியது சொந்தக் கட்சி அல்ல, எதிர்க்கட்சி. நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் இடி.

*

இதே காலத்தில்தான் வரலாற்றில் ஒரு விசித்திரமான கூட்டணி உருவானது. 2017 பிப்ரவரியில் இரண்டு முதியவர்கள் ஒரு திட்டத்தோடு வந்தார்கள். ஒருவர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ், ரீகனின் வெளியுறவு அமைச்சர், அப்போது வயது 96. வீட்டுக் கூரையில் சூரியத் தகடு, ஓட்டுவது மின்சாரக் கார். மற்றவர் ஜேம்ஸ் பேக்கர், மூத்த புஷ்ஷின் வெளியுறவு அமைச்சர், வயது 86. கார்பனுக்கு டன்னுக்கு 40 டாலர் கட்டணம். வசூலாவதை அப்படியே நாட்டு மக்கள் அனைவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது. இதுவே திட்டம்.

மறு ஆண்டு யேல் மாணவர் ஒருவரின் முன்முயற்சியில் கல்லூரி மாணவர்கள் அணிதிரண்டு இத்திட்டத்தை ஆதரித்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் குடியரசுக் கட்சி மாணவர் மன்றங்கள் அதில் இருந்தன. தொண்ணூறைத் தாண்டிய தாத்தாவும் இருபதைத் தொடாத பேரனும் ஒரே பக்கம். இடையில் இருந்த தலைமுறை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

அதே 2017இல் பெஞ்சி பேக்கர் என்கிற விஸ்கான்சின் இளைஞர் ‘அமெரிக்கன் கன்சர்வேஷன் கொயலிஷன்’ அமைப்பைத் தொடங்கினார். பத்து வயதிலேயே குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெயினின் தேர்தல் வேலைக்குத் துண்டறிக்கை தூக்கிக்கொண்டு திரிந்த பையன். கட்சியை விட்டு வெளியே வர அவருக்கு விருப்பமில்லை. காட்டையும் ஏரியையும் விட்டுக்கொடுக்கவும் விருப்பமில்லை.

2019 செப்டம்பர் 18. வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழுவின் விசாரணை அறை. சாட்சி மேசையில் நான்கு இளம் முகங்கள். ஒருவர் ஸ்வீடனின் கிரெட்டா துன்பர்க், வயது 16. அவருடைய தொடக்க உரை ஒரு நிமிடம்கூட இல்லை. 1.5 டிகிரி வெப்ப உயர்வு பற்றிய ஐ.நா. அறிவியல் குழுவின் அறிக்கையையே தன் சாட்சியமாகக் கொடுத்து, என் பேச்சைக் கேட்க வேண்டாம், அறிவியலாளர்கள் பேச்சைக் கேளுங்கள் என்ற பொருளில் முடித்துக்கொண்டார். அதே மேசையில் பெஞ்சி பேக்கர். பருவநிலை மாற்றம் உண்மைதான் என்று சொல்லிவிட்டு, ஆனால் அதற்குத் தீர்வு சந்தையும் புதுமையும் உள்ளூர் மக்களின் பொறுப்பும் சேர்ந்த வழி என்று வாதாடினார். தீர்வில் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஆனால் நோய் உண்டா இல்லையா என்பதில் வேறுபாடு இல்லை. அந்த அறையில் அன்று நடந்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். நோயை ஒப்புக்கொண்ட பிறகு மருந்தைப் பற்றிச் சண்டை போடுவதுதான் ஆரோக்கியமான அரசியல்.

அதன் பிறகு சில கதவுகள் திறந்தன. 2020 ஆகஸ்டில் டிரம்ப் கையெழுத்திட்ட ஒரு சட்டம், நிலம் நீர்ப் பாதுகாப்பு நிதிக்கு ஆண்டுதோறும் 90 கோடி டாலரை உறுதிசெய்தது. 2021 ஜூனில் யூட்டாவின் ஜான் கர்டிஸ் சபையில் பழமைவாதிகளின் பருவநிலைக் குழுவைத் தொடங்கினார்; 50க்கும் மேற்பட்ட குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். 2024 ஜூலையில் புதிய வகை அணு உலைகளுக்கு அனுமதியை விரைவுபடுத்தும் சட்டம் இரு கட்சி ஆதரவோடு வந்தது.

கட்சிக்குள் வயதுக்கு வயது எண்ணம் எப்படி மாறுகிறது என்பதை 2023இல் பியூ ஆய்வு மையம் காட்டியது. 30 வயதுக்குக் கீழான குடியரசுக் கட்சியினரில் 67 சதவீதத்தினர் காற்று, சூரியன் போன்ற மாற்று ஆற்றலுக்கே முன்னுரிமை என்றார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 75 சதவீதத்தினர் எண்ணெயும் நிலக்கரியும் எரிவாயுவும்தான் என்றார்கள். ஒரே கொடியின் கீழ் இரண்டு நாடுகள்.

*

ஆனால் ஓட்டு விழும் நேரத்தில் என்ன நடந்தது?

2023 ஆகஸ்ட் 23, மில்வாக்கி. குடியரசுக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் ஆகப் போட்டியிட்டவர்களின் முதல் விவாத மேடை. பழமைவாத மாணவர் ஒருவரின் கேள்வி திரையில் ஒளிபரப்பானது. இளைஞர்களுக்குப் பருவநிலை பெரிய கவலை. இந்தக் கட்சி அக்கறை கொள்ளவில்லை என்ற அவர்களின் அச்சத்தை எப்படிப் போக்குவீர்கள் என்று கேட்டார். மனிதச் செயலால் பருவநிலை மாறுகிறது என்று நம்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் நெறியாளர். நாங்கள் என்ன பள்ளிப் பிள்ளைகளா என்று டிசாண்டிஸ் மறித்துவிட்டார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தின் வழிவந்த விவேக் ராமசாமி, பருவநிலைத் திட்டங்கள் எல்லாமே பித்தலாட்டம் என்றார். நிக்கி ஹேலி மட்டும் பருவநிலை மாற்றம் உண்மை என்று சொன்னார். கேட்ட மாணவர் அந்நியர் இல்லை, அந்த வீட்டுப் பிள்ளை. அவருக்கு நேரான பதில் கிடைக்கவில்லை.

2025இல் இன்னும் கடுமையான சோதனை வந்தது. காற்றாலைகளுக்கான வரிச் சலுகை 1992இல் சட்டமானபோது அதற்கு முன்னின்றவர் ஐயோவாவின் குடியரசுக் கட்சி செனட்டர் சக் கிராஸ்லி. அந்த மாநிலத்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இன்று காற்றிலிருந்து வருகிறது. மக்காச்சோளம் பொய்த்த ஆண்டிலும் வயலில் நிற்கும் காற்றாலைக்கு வாடகை தவறாமல் வரும்; விவசாயிக்கு அது வாடாத பயிர். அப்படியிருந்தும், காற்றுக்கும் சூரியனுக்குமான சலுகைகளை வேகமாக முடித்துவைக்கும் சட்டம் 2025 ஜூலை 4இல் கையெழுத்தானது. சலுகைகளை ஒரேயடியாக வெட்டாதீர்கள் என்று அந்த ஏப்ரலில் கடிதம் எழுதிய குடியரசுக் கட்சி செனட்டர்கள் நான்கு பேர். அதற்குள் செனட்டராகியிருந்த ஜான் கர்டிஸும் அதில் ஒருவர். மசோதாவின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்க முடிந்தது. ஓட்டெடுப்பில் நால்வரில் மூவர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர் தாம் டில்லிஸ் மட்டுமே. மறுபடி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அவர் அறிவித்துவிட்டிருந்தார்.

*

அப்படியானால் அந்தப் பிள்ளைகளின் உழைப்பு வீணா?

அவர்களைக் குறை சொல்பவர்கள் இரு பக்கமும் உண்டு. எதிரணி சொல்வது: இவர்கள் மரம் நடுவதையும் அணு உலையையும் பேசுகிறார்கள், எண்ணெயை நிறுத்தச் சொல்வதில்லை, ஷுல்ட்ஸும் ஜேம்ஸ் பேக்கரும் தந்த திட்டத்தைப் பெரிய எண்ணெய் நிறுவனங்களே ஆதரித்தன. இதில் நியாயம் இருக்கிறது. கரியமில வாயு நம் தயக்கத்துக்காகக் காத்திருக்காது. சொந்த அணி சொல்வது: இவர்கள் எதிரியின் பாட்டைப் பாடுகிறார்கள். இதில் நியாயம் இல்லை. ரூஸ்வெல்ட்டின் காடும் நிக்சனின் சட்டமும் மூத்த புஷ்ஷின் கந்தகச் சீட்டும் எந்த எதிரியின் பாட்டு?

இத்தனை வாரமாக இந்தத் தொடரை எழுதுகையில் நான் கண்டது ஒன்று உண்டு. நிலைத்து நின்ற சுற்றுச்சூழல் சட்டங்கள் எல்லாம் இரண்டு கட்சிகளும் சேர்ந்து தூக்கியவை. ஒரு கட்சி மட்டும் இயற்றியதை மறு கட்சி வந்ததும் கலைத்துவிடுகிறது. 2022இல் ஒரு குடியரசுக் கட்சி ஓட்டுகூட இல்லாமல் விரிவாக்கப்பட்ட காற்று, சூரிய ஆற்றல் சலுகைகள் 2025இல் வெட்டுப்பட்டதும், 1970இல் சேர்ந்து இயற்றிய தூய காற்றுச் சட்டம் அரை நூற்றாண்டு தாண்டி நிற்பதும் அதற்குச் சாட்சி. அதனால்தான் அந்தக் கட்சிக்குள் இருந்துகொண்டே பேசுகிற இளைஞர்களின் குரல், எண்ணிக்கையில் சிறியதானாலும், எனக்கு விலைமதிப்பற்றதாகத் தெரிகிறது. வெளியே நின்று கல்லெறிவது எளிது. சாப்பாட்டு மேசையில் அப்பாவைப் பார்த்து, நீங்கள் திருந்த வேண்டும் என்று சொல்வது கடினம்.

2004இல் அப்படிச் சொன்ன அந்தப் பையனுக்கு இப்போது நாற்பதை ஒட்டிய வயது. அவனுடைய தலைமுறை அப்பாக்களாகிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் முதல் ஓட்டுப் போடப்போகும் நாளில் அதே பேச்சைத் திரும்பப் பேச வேண்டியிருக்குமா என்பது, குடத்தில் இருக்கும் தண்ணீரை இவர்கள் இப்போது எங்கே ஊற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அடுத்த வாரம் அட்லாண்டிக்கைக் கடந்து லண்டன் போவோம். வேதியியல் படித்த மார்கரெட் தாட்சர் 1988இல் ராயல் சொசைட்டியில் ஆற்றிய ஓர் உரை, பிரிட்டனின் பழமைவாதக் கட்சியை எந்தப் பாதையில் நடத்தியது என்று பார்க்கலாம்.

(தொடரும்)